வட சென்னையின் சிறு கால்பந்துத் திடல்களைத் தேடிப் போய்ப் பார்க்க எங்கிருந்து தொடங்கலாம்?

கேள்வி: பெரம்பூர் லோகோ

அனைவருக்கும் வணக்கம். நான் பெரம்பூரில் பிறந்து வளர்ந்தவன். மேற்படிப்புக்காக இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் இரண்டு ஆண்டுகள் இருந்தபோது ஒரு பழக்கம் என்னைத் தொற்றிக்கொண்டது. ஊருக்குத் திரும்பிய பிறகும் அது விடவில்லை. அதைப் பற்றித்தான் உங்களிடம் கேட்க விரும்புகிறேன்.

அங்கே பிரீமியர் லீக்கிலும் அதற்கு அடுத்த மூன்று டிவிஷன்களிலும் சேர்த்து 92 கிளப்புகள் ஆடுகின்றன. அவற்றுக்குக் கீழே படிப்படியாக இறங்கிச் செல்லும் லீக்குகளில் ஆடும் எண்ணற்ற கிளப்புகளை ‘நான் லீக்’ என்ற ஒரே பெயரால் அழைக்கிறார்கள். சனிக்கிழமை மதியம் ஒரு பேருந்தைப் பிடித்து, இதுவரை காணாத ஒரு சிறு கிளப்பின் மைதானத்துக்குப் போய், சீட்டு வாங்கிக்கொண்டு, தடுப்புக் கம்பியில் கைகளை ஊன்றி நின்று, ஆட்டத்தை முழுவதும் பார்த்துவிட்டு, அந்த மைதானத்தைத் தம் நோட்டில் குறித்துக்கொள்வதை ஆயுள் முழுவதும் செய்பவர்கள் அங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்த 92 கிளப்புகளின் மைதானங்களையும் பார்த்து முடித்தவர்களுக்கென்று 1978இல் ஒரு சங்கமே தொடங்கப்பட்டது. ஆனால் எனக்குப் பழக்கமானவர்களுக்குப் பெரிய மைதானங்களில் ஆர்வம் இருக்கவில்லை. முந்நூறு பேர் வந்தாலே கூட்டம் என்று சொல்லப்படும் இடங்களைத்தான் அவர்கள் தேடிப் போனார்கள்.

நான் முதலில் பார்த்தது ஹாலம் கிளப்பின் சாண்டிகேட் மைதானம். 1860 டிசம்பர் 26 அன்று ஹாலம் அணியும், 1857இல் தொடங்கப்பட்ட ஷெஃபீல்டு கிளப்பும் மோதிய அதே இடத்தில் இன்றும் ஆட்டம் நடக்கிறது. உலகின் மிகப் பழைய கால்பந்து மைதானம் என்ற பெயரும் அதற்கு உண்டு. ஆடுகளம் சமதளமாக இல்லை, கண்ணுக்கு நன்றாகத் தெரியும்படி சரிந்திருக்கிறது. அந்தச் சரிவைச் சமப்படுத்த வேண்டும் என்று அங்கே யாரும் பேசி நான் கேட்டதில்லை. ஒரு மைதானத்துக்கு இப்படி ஒரு குணம் இருக்கலாம் என்பதே அன்றுதான் எனக்குத் தெரிய வந்தது.

இப்போது அதே பழக்கத்தை நம் பகுதியில் தொடர விரும்புகிறேன். நேரு ஸ்டேடியம், ஐ.சி.எஃப். (ரயில்பெட்டித் தொழிற்சாலை) மைதானம், பெரம்பூர் ரயில்வே மைதானம், வியாசர்பாடி முல்லை நகர்த் திடல் ஆகியவற்றோடு ஓரிரு பள்ளி மைதானங்களையும் எழுதி வைத்தேன். அதற்கு மேல் பட்டியல் நீளவில்லை. வேறு எந்தெந்த இடங்களில் ஆட்டம் நடக்கிறது, அதை முன்கூட்டித் தெரிந்துகொள்வது எப்படி, எதைப் ‘பார்த்த மைதானம்’ என்று கணக்கில் சேர்ப்பது, நோட்டுடன் போய் நிற்கும் அந்நியனை அங்குள்ளவர்கள் எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்பவற்றை அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: பழைய ஸ்டாப்பர், வியாசர்பாடி

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்து மகிழ்ந்தேன். நான் கீழ் டிவிஷன்களில் பதினோரு ஆண்டுகள் ஸ்டாப்பராக, அதாவது நடுத் தடுப்பாட்டக்காரனாக, ஆடியவன். நம் திடல்களை ஒருவர் தேடி வந்து பார்க்க வேண்டும் என்று நினைப்பதே எனக்குப் பெரிய விஷயம்.

உங்கள் பட்டியல் ஏன் நீளவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பார்த்துவிட்டு வந்த ஊரில் ஒரு கிளப் என்றால் அதற்கென்று ஒரு மைதானம், ஒரு வாசல், ஒரு பெயர்ப் பலகை இருக்கும். ஆகவே மைதானத்தை எண்ணினால் கிளப்பை எண்ணியதாகிவிடும். இங்கே மைதானம் உள்ள கிளப்புகள் மிகவும் குறைவு. ரயில்வே போன்ற நிறுவன அணிகளை விட்டால் அநேகமாக இல்லை என்றே சொல்லலாம். ஒரே திடலைப் பத்து அணிகள் பங்கு போட்டுக்கொள்கின்றன. விடியற்காலை 5:30 மணிக்கு அங்கே போனால் வேலைக்குப் புறப்படும் முன் ஆடுகிற நாற்பது வயதுக்காரர்களைப் பார்ப்பீர்கள். 6:30 மணிக்கு அவர்கள் விலகிக்கொள்ள, சிறுவர்களுக்குப் பயிற்சி தொடங்கும். வெயில் ஏறியதும் கிரிக்கெட்காரர்கள் ஸ்டம்ப் நடுவார்கள். மாலை 4 மணிக்கு மேல்தான் லீக் ஆடும் அணி வந்து பூட் மாட்டும். திடல் ஒன்றுதான் என்றாலும் அந்தந்த நேரத்தில் அது அந்தந்த அணியின் வீடு. கோல் கம்பத்துக்குப் பின்னால் பையை வைக்கும் இடம்கூட அணிக்கு அணி மாறும். எனவே திடலின் பெயரை மட்டும் எழுதாதீர்கள். திடல், நேரம், அணி என்று மூன்றையும் சேர்த்து ஒரு வரியாக எழுதுங்கள். உங்கள் நோட்டு ஒரே மாதத்தில் நிரம்பத் தொடங்கும்.

ஆட்டம் உண்டா இல்லையா என்பதை அறிய ஒரு வழி இருக்கிறது. காலையில் அந்தப் பக்கம் போகும்போது தரையைப் பாருங்கள். அடியில் ஆணியால் துளைகள் போட்ட பழைய டால்டா டப்பாவில் சுண்ணாம்புப் பொடியை நிரப்பி, அதைத் தட்டிக்கொண்டே பின்னோக்கி நடந்து கோடு போடுவார்கள். கயிறு பிடிக்க ஆள் இல்லாத நாளில் பெனால்டி பாக்ஸின் கோடு சற்றே வளைந்திருக்கும். அந்தச் சுண்ணாம்பு வெள்ளை வெளேரென்று இருந்தால் அன்று மாலை அங்கே ஆட்டம் உறுதி. பழுப்பேறி மிதிபட்டுக் கிடந்தால் அது போன வாரத்துக் கோடு.

வியாசர்பாடியில் நீங்கள் பார்க்க வேண்டியது ஆட்டத்தை மட்டுமல்ல. பயிற்சி முடிந்த பிறகு பத்து நிமிடம் அங்கேயே உட்காருங்கள். பூட் வாங்கிக்கொடுக்க முடியாத வீடுகள் இன்னும் இருக்கின்றன. அண்ணனுக்குக் காலை, தம்பிக்கு மாலை என்று ஒரே ஜோடியைப் பகிர்ந்துகொள்ளும் பிள்ளைகளை நான் இந்த ஆண்டும் பார்த்தேன். தம்பிக்கு அது பெரிதாக இருப்பதால் கணுக்காலைச் சுற்றி லேஸை இரண்டு சுற்றுச் சுற்றி, முடிச்சைப் பக்கவாட்டில் போட்டுக்கொள்கிறான். மேலே போட்டால் பந்தை உதைக்கும்போது முடிச்சு குத்தும் என்று அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இப்படிப்பட்ட தெருக்களிலிருந்துதான் தனபால் கணேஷ் புறப்பட்டுப் போய், 2017-18 சீசனில் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) கோப்பையை வென்ற சென்னையின் எஃப்.சி. அணியிலும் இந்திய அணியிலும் ஆடினார். எங்கள் பிள்ளைகள் அவரைப் பற்றிப் பேசும்போது பெரிய நட்சத்திரத்தைப் பற்றிப் பேசுவதுபோல் பேசுவதில்லை. அடுத்த தெரு அண்ணனைப் பற்றிப் பேசுவதுபோலத்தான் பேசுகிறார்கள்.

அந்நியன் என்ற தயக்கம் உங்களுக்கு வேண்டாம். நோட்டுடன் நிற்பவரைக் கண்டால் ஏதாவது ஆபீஸ் அணிக்கு ஆள் எடுக்க வந்தவர் என்றுதான் முதலில் நினைப்பார்கள். அந்த நம்பிக்கையை வளர விடாமல், நீங்கள் பார்க்க மட்டுமே வந்திருக்கிறீர்கள் என்பதைப் பயிற்சியாளரிடம் உடனே சொல்லிவிடுங்கள். இதை நான் வலியுறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் அந்த நினைப்பில் ஒரு பையன் அன்று முழுவதும் பாஸ் கொடுக்காமல் தானே கோல் அடிக்கப் பார்ப்பான். ஆட்டம் கெடும், அவனும் ஏமாந்து போவான்.

பதில்: கோட்டோரம், ராயபுரம்

ஸ்டாப்பர் அண்ணன் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். பல ஆண்டுகள் லைன்ஸ்மேனாகக் கொடி பிடித்தவன் என்ற முறையில் லீக் பற்றிச் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

சென்னை கால்பந்து சங்கம் நடத்தும் லீக்கில் மேலே சீனியர் டிவிஷனும் அதற்குக் கீழே அடுத்தடுத்த டிவிஷன்களும் உள்ளன. ஜெயித்தால் மேலே, தோற்றால் கீழே என்ற ஏற்ற இறக்கம் இங்கும் உண்டு. ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி, வருமான வரித்துறை, சுங்கத்துறை, ஏ.ஜி. அலுவலகம் என்று அலுவலகங்களின் பெயரிலேயே அணிகள் இருந்ததன் காரணத்தைப் புரிந்துகொண்டால்தான் இந்த லீக் புரியும். 1955இல் தொடங்கப்பட்ட ரயில்பெட்டித் தொழிற்சாலை ஆகட்டும், வங்கிகள் ஆகட்டும், விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆட்களை வேலைக்கு எடுத்தன. வட சென்னைப் பையனுக்குக் கால்பந்து என்பது மாதச் சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் போகும் வழியாக இருந்தது. ஆகையால் கீழ் டிவிஷன் ஆட்டமொன்றில் இருபது வயதுப் பையன் ஒருவன் உயிரைக் கொடுத்து ஓடுவதைப் பார்த்தால், அன்றைய மூன்று புள்ளிகளுக்காக மட்டும் அவன் ஓடவில்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

சீனியர் டிவிஷன் ஆட்டங்களை நேரு ஸ்டேடியத்திலோ ஐ.சி.எஃப்.பிலோ பார்த்திருப்பீர்கள். நேரு ஸ்டேடியத்தில் கீழ் டிவிஷன் ஆட்டம் ஒன்று அமைந்தால் தவற விடாதீர்கள், ஐ.எஸ்.எல். ஆட்டத்தன்று ஆயிரக்கணக்கானோர் நிறையும் இருக்கைகளுக்கு நடுவே நாற்பது பேர் உட்கார்ந்திருக்க, பயிற்சியாளர் கத்துவது கூரையில் பட்டு எதிரொலிக்கும். கீழ் டிவிஷன் அட்டவணை மழைக்கும் பரீட்சைக்கும் ஏற்ப மாறிக்கொண்டே இருப்பதால், யாராவது ஒரு கேப்டனின் நட்பைப் பிடித்துக்கொள்வதே நல்லது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை எதையும் நம்பாதீர்கள். கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் தேங்கியிருக்கிறது என்று கேள்விப்பட்டால், அந்த வட்டாரத்தில் அன்று ஆட்டம் இல்லை என்று வீட்டிலேயே இருந்துவிடலாம்.

எதைக் கணக்கில் சேர்ப்பது என்று கேட்டிருந்தீர்கள். என் கருத்தில் கோல் கம்பங்களைப் பார்க்க வேண்டும். விதிப்படி இரு கம்பங்களுக்கும் இடையே 7.32 மீட்டர், குறுக்குக் கம்பம் வரை 2.44 மீட்டர் உயரம், ஆடுகளத்தின் நீளம் குறைந்தது 90 மீட்டர் இருந்தால்தான் அது முழு மைதானம். மற்றவற்றை வேறொரு பக்கத்தில் எழுதுவதே முறை.

இன்னொன்று, இது எங்கள் பக்கத்துக்கே உரியது. ராயபுரம், தண்டையார்பேட்டைத் திடல்களில் பிற்பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்து எழும். டாஸ் வென்றவர் எந்தப் பக்கத்தைக் கேட்கிறார் என்பதைக் கவனியுங்கள். காற்று இன்னும் வரவில்லை என்றால், அது எழும்போது தன் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும் என்று பழைய கேப்டன்கள் இரண்டாம் பாதிக்காகக் கணக்குப் போடுவார்கள். சாண்டிகேட் சரிவைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்கு இந்தக் காற்றுதான் நினைவுக்கு வந்தது.

பதில்: தண்டையார்பேட்டை அம்மா

லைன்ஸ்மேன் ஐயாவின் அனுபவத்தை மதிக்கிறேன், ஆனால் கோல் கம்பத்தை அளந்து திடலுக்கு மதிப்புத் தருவதை என்னால் ஏற்க முடியவில்லை. என் மகள் எட்டு வயதிலிருந்து ஆடுகிறாள், இப்போது அவளுக்குப் பதினைந்து. இந்த ஏழு ஆண்டுகளில் அவள் முழு அளவு மைதானத்தில் ஆடியதை என் விரல்களில் எண்ணிவிடலாம். பெண் பிள்ளைகளுக்குக் கிடைப்பது பெரும்பாலும் பாதித் திடல், அல்லது வலை போட்ட செயற்கைப் புல் திடல். 2018இல் தமிழ்நாட்டுப் பெண்கள் அணி மணிப்பூரை 2-1 என்று வென்று முதல் முறையாக தேசியச் சாம்பியன் ஆனதும், 2023இல் ஹரியானாவை வென்று மீண்டும் கோப்பையைக் கொண்டுவந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். அந்த வரிசையில் நிற்க ஆசைப்படும் பிள்ளைகள் ஆடுகிற இடத்தை ‘வேறொரு பக்கத்தில்’ எழுதச் சொல்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சிறு திடல்களை இப்போதே எழுதி வைக்க வேண்டும் என்பதற்கு வேறு காரணமும் உண்டு. 2024 அக்டோபர் இறுதியில் மாநகராட்சியின் செயற்கைப் புல் கால்பந்துத் திடல்கள் ஒன்பதைத் தனியாரிடம் ஒப்படைத்து, ஆடுபவர் ஒருவருக்கு மணிக்கு 120 ரூபாய் கட்டணம் என்று தீர்மானம் வந்தது. நாலா பக்கமும் எதிர்ப்பு எழுந்ததும் அது கைவிடப்பட்டது. அந்த இரண்டு மூன்று நாட்களில் எங்கள் வீட்டில் நாங்கள் போட்ட கணக்கை மறக்க மாட்டேன். வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு ஒன்றரை மணி நேரம் என்றால் வாரத்துக்கு 900 ரூபாய். மகள் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, இனிமேல் வாரத்தில் ஒரு நாள் போனால் போதும் என்று அவளாகவே சொன்னாள். தீர்மானம் போய்விட்டது, ஆனால் அவள் சொன்னது என் மனதிலிருந்து போகவில்லை. அதற்கும் முன்பு, அவள் பழகிக்கொண்டிருந்த ஒரு பள்ளி மைதானத்தை ஞாயிற்றுக்கிழமைகளில் நிகழ்ச்சிகளுக்கு வாடகைக்கு விடத் தொடங்கி, பந்தல் கம்புகளுக்குத் தோண்டிய குழிகளை மூடாமலேயே விட்டார்கள். ஒரு பிள்ளைக்குக் கணுக்கால் முறிந்த பிறகு அங்கே பயிற்சியே நின்றுபோனது.

பார்க்க வருபவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, ஒரு வார்த்தை. பெரும்பாலான திடல்களில் உட்கார இடமோ கழிப்பறையோ கிடையாது. நாங்கள் தாய்மார்கள் சேர்ந்து வாட்டர் கேனும் பிளாஸ்டிக் பாயும் கொண்டு போகிறோம். யார் வந்தாலும் பாயில் இடம் உண்டு.

கடைசியாக ஒரு சந்தேகம். என் மாமியாருக்கு முழங்கால் வலி, படியிறங்க முடியாது. திடலை ஒட்டியுள்ள எங்கள் மொட்டை மாடியில் நாற்காலி போட்டுப் பேத்தியின் ஆட்டங்களை ஒன்று விடாமல் பார்க்கிறார். உங்கள் கணக்குப்படி அவர் மைதானத்துக்குப் போனவரா, இல்லையா?

பதில்: கொருக்குப்பேட்டை கேமரா

ஒன்று மட்டும் சொல்கிறேன். சிறுவர் சிறுமியரைப் படமெடுக்கும் முன் பயிற்சியாளரிடமும் பெற்றோரிடமும் கேளுங்கள். முகம் தெரியும் படங்களைப் பொதுவில் போடாதீர்கள். வெறும் திடலையும் கோல் கம்பத்தையும் சுண்ணாம்பு டப்பாவையும் எடுத்தாலே போதும், பத்து ஆண்டுகளுக்குப் பிறகு அந்தப் படங்களுக்குத்தான் மதிப்பு இருக்கும்.

பதில்: பெரம்பூர் லோகோ

எழுதிய அனைவருக்கும் நன்றி. அம்மாவின் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். 2021 ஜனவரி 10 அன்று, இங்கிலாந்தில் அப்போது எட்டாவது அடுக்கில் ஆடிய மரைன் என்ற சிறு கிளப், எஃப்.ஏ. கோப்பையின் மூன்றாம் சுற்றில் பிரீமியர் லீக் அணியான டாட்டன்ஹாமைத் தன் மைதானத்தில் எதிர்கொண்டது. கொரோனா காலம் என்பதால் ரசிகர்களுக்கு அனுமதி இல்லை. ஆனால் அந்த மைதானத்தின் ஒரு பக்கம் முழுவதும் வீடுகளின் தோட்டங்கள். அந்த வீட்டுக்காரர்கள் தங்கள் வேலிக்குப் பின்னால் நின்று, தங்கள் அணி 0-5 என்று தோற்றதைக் கடைசி வரை பார்த்தார்கள். அன்று அவர்கள் ஆட்டம் பார்க்கவில்லை என்று சொல்ல எவருக்கும் மனம் வராது. உங்கள் மாமியார் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் போனவர்தான்.

திடல் அளவு பற்றிய விவாதத்தில் நான் அம்மாவின் பக்கம். லைன்ஸ்மேன் ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும். கம்பங்களின் அளவைக் குறிப்பாக எழுதிக்கொள்கிறேன், ஆனால் பக்கத்தைப் பிரிக்கப் போவதில்லை.

கடந்த ஞாயிறு காலை வியாசர்பாடி ஜீவா ரயில் நிலையத்தில் இறங்கி, ஸ்டாப்பர் அண்ணன் சொன்னபடி தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். இரண்டாவது திடலில் புதுச் சுண்ணாம்பு. பச்சைச் சட்டை அணிக்கும், ஆளுக்கொரு நீலத்தில் சட்டை அணிந்த இன்னொரு அணிக்கும் நட்பு ஆட்டம். ஸ்கோர் பலகை கிடையாது; ரெஃப்ரியின் கைக்கடிகாரத்தைத் தவிர நேரத்தைக் காட்டவும் எதுவும் இல்லை. நீல அணியின் விங்கர் உயர்த்தி அடித்த பந்து திடலோரத்து வீட்டின் தகரக் கூரையில் விழுந்து இரண்டு முறை குதித்து நின்றுவிட்டது. மறுகணமே ஒரு பெண்மணி துணி உலர்த்தும் கொம்போடு வெளியே வந்து, அண்ணாந்துகூடப் பார்க்காமல், சரியான இடத்தில் தட்டிப் பந்தைக் கீழே இறக்கிக் கொடுத்துவிட்டு உள்ளே போனார். ஒரு சிறுவன் கைநீட்டிக் காத்திருந்தான். இதற்காக ஆட்டம் நின்றது ஏழெட்டு நொடிதான். ஆட்டம் முடிவதற்குள் இது நான்கு முறை நடந்தது. சுற்றி நின்றவர்களில் ஒருவரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

நோட்டில் முதல் வரியாக இதை எழுதினேன்: ஜீவா ஸ்டேஷனுக்கு மேற்கே, காலை 7:10, பச்சை 2, நீலம் 2. அணிகளின் பெயர்களைக் கேட்பதற்குள் கிரிக்கெட்காரர்கள் ஸ்டம்ப் நட்டுவிட்டார்கள். இரு அணியினரும் பைகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

பதில்: பழைய ஸ்டாப்பர், வியாசர்பாடி

தம்பி, அந்தக் கூரை எந்தத் திடலில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நான் ஆடிய காலத்தில் அது ஓட்டுக் கூரை, உடைந்த ஓட்டுக்கு டீமில் காசு பிரித்துக் கொடுப்போம். பச்சைச் சட்டைக்காரர்களின் கேப்டன் எனக்குத் தெரிந்தவன்தான். அடுத்த ஞாயிறு 6:45 மணிக்கே வந்துவிடுங்கள், ஸ்டேஷன் வாசலில் நிற்கிறேன். வார்ம் அப் முடிவதற்குள் இரண்டு அணிகளின் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ளலாம்.